நடையில் எழாத வேக இழைகள்: மூவகைத் தசை இழைக்கும் சேர்த்து வாரப் பயிற்சி அமைப்பது எப்படி?

கோவை ரேஸ்கோர்ஸிலும் ஈரோடு வ.உ.சி. மைதானத்திலும் ஊர்ப்புற வாய்க்கால் மேடுகளிலும் விடிகாலை ஐந்தரைக்கு நடப்பவர்களுக்குக் குறைவில்லை. "தெனமும் ஒரு மணி நேரம் நடக்கறனுங்க, அதுக்கு மேல எதுக்குங்க?" என்பது அவர்களில் பலர் கேட்பது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அந்த நடை நல்லதுதான், விட வேண்டியதில்லை. ஆனால் தொடையின் முன்பக்கத் தசையில் ஏறத்தாழப் பாதி இழைகள், சட்டென்று பெரிய விசை தரும் வேக இழைகள். சமதரையில் பேசிக்கொண்டே நடக்கும்போது அவற்றில் பெரும்பாலானவை வேலைக்கே வருவதில்லை. பல வருடம் விடாமல் நடந்தவர்கூடத் தரையில் உட்கார்ந்தால் கையூன்றித்தான் எழுகிறார், பேருந்தின் உயரமான படியில் கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறுகிறார் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எந்த இழை எப்போது வேலைக்கு வரும் என்பது தெரிந்துவிட்டால், வாரத்தில் எதை எத்தனை நாள் செய்வது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அதனால் முதலில் அது.

மூன்று வகை

ஒரு தசை இழை என்பது தலைமுடி அளவுக்கு மெல்லிய, நீளமான ஒரே செல். மனிதத் தசையில் இவை முக்கியமாக மூன்று வகை.

டைப் 1 என்பது மெது இழை. சுருங்கி உச்ச விசையை எட்ட ஏறத்தாழ 0.1 விநாடி எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் ரத்த நுண்குழாய்கள் அதிகம், உள்ளே ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அதிகம், ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும் அதிகம். கொழுப்பையும் சர்க்கரையையும் ஆக்சிஜனோடு எரித்து மணிக்கணக்கில் உழைக்கும். விசை மட்டும் குறைவு.

டைப் 2எக்ஸ் அதற்கு நேரெதிர். மெது இழையின் பாதி நேரத்திலேயே உச்சத்தைத் தொடும், ஒரே வீச்சில் பெரிய விசை தரும், அதே வேகத்தில் களைத்தும் போகும். உடனடி ஆற்றலுக்காகக் கையிருப்பில் உள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருளையும், தசை சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைப்பதையும் நம்பியே ஓடுகிறது.

டைப் 2ஏ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேகமும் உண்டு, பயிற்சி கொடுத்தால் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் நன்றாக ஏறும். ஒரு சாதாரண மனிதர் பயிற்சியால் அதிகம் மாற்றக்கூடிய இழை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கறிக்கடையில் நாட்டுக்கோழியை வெட்டும்போது கவனித்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நாளெல்லாம் நின்று, நடந்து, கிளறும் காலின் கறி கருஞ்சிவப்பு. எப்போதாவது படபடவென்று மதில்மேல் ஏறப் பயன்படும் நெஞ்சின் கறி வெளிறல். பறந்தே பிழைக்கும் புறாவுக்கோ நெஞ்சுக்கறியும் கருஞ்சிவப்பு. நிறத்தைத் தருவது மயோகுளோபின். மனித உடலில் இவ்வளவு துல்லியமான பிரிவினை இல்லை. ஒரே தசைக்குள் மூன்று வகையும் கலந்தே கிடக்கும், விகிதம்தான் மாறும். கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசையில் ஏறத்தாழ 80 சதவீதம் மெது இழை. நாம் நிற்பதே அதன் தயவில்தான். அதற்கு மேலே புடைத்துத் தெரியும் காஸ்ட்ரோநீமியஸில் அது பாதிக்குப் பாதி. மேல்கையின் பின்புறத் தசையில் வேக இழைதான் அதிகம்.

வேலைக்கு வரும் வரிசை

முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒரு நரம்பணுவும், அது கட்டுப்படுத்தும் இழைகள் அனைத்தும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. கண்ணசைக்கும் தசையில் ஓர் அலகுக்குப் பத்துப் பதினைந்து இழைகளே இருக்கும், கெண்டைச் சதையில் ஆயிரத்துக்கு மேல். ஓர் அலகின் இழைகள் எல்லாம் ஒரே வகை. கட்டளை வந்தால் அந்த அலகின் இழைகள் அனைத்தும் சுருங்கும், வராவிட்டால் ஒன்றும் சுருங்காது. அப்படியானால் ஒரு டம்ளரையும் ஓர் அரிசிச் சிப்பத்தையும் அதே கையால் அளவாகத் தூக்குவது எப்படி? எத்தனை அலகுகளைக் கூப்பிடுவது, ஒவ்வொன்றையும் எவ்வளவு அடிக்கடி தூண்டுவது என்ற இரண்டையும் வைத்துத்தான் நரம்பு மண்டலம் விசையைக் கூட்டிக் குறைக்கிறது.

இந்தக் கூப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. ஹார்வர்டில் எல்வுட் ஹென்மன் 1957-இலும் 1965-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், பூனையின் நரம்பணுக்களை அளந்து இதைக் காட்டினார். சிறிய நரம்பணு முதலில், பெரியது கடைசியில். சிறியவை மெது இழைகளை ஆள்கின்றன, பெரியவை 2எக்ஸை. எனவே முதலில் டைப் 1, விசை போதாவிட்டால் 2ஏ, அதுவும் போதாவிட்டால் 2எக்ஸ். பின்னது வரும்போது முன்னது ஓய்வுக்குப் போவதில்லை. எல்லாம் சேர்ந்தே இழுக்கும்.

சென்னிமலையில் 1320 படி. பேருந்திலிறங்கி அடிவாரம் வரை நடக்கும்போது தொடையில் மெது இழைதான் வேலை செய்கிறது. படியேறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மூச்சு கூடும், பேச்சு துண்டு துண்டாகும்; 2ஏ சேர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை "தூக்கு" என்று அழுது, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு உயரமான படியில் ஒரு காலை ஊன்றி எழும் அந்தக் கணத்தில் 2எக்ஸ் அலகுகளிலும் சில எட்டிப் பார்க்கும்.

வேக இழையை வேலைக்கு வரவழைக்க மூன்று வழி இருக்கிறது. ஒன்று, எடை: தொடை போன்ற பெரிய தசையில் ஒருவரின் அதிகபட்ச வலுவில் 80 முதல் 85 சதவீதம் வரை புதிய அலகுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு, வேகம்: எடை குறைவாக இருந்தாலும் முழு வேகத்தில் தள்ள முயன்றால் பெரிய அலகுகள் எழும் வாசல் தாழ்ந்துவிடும். மூன்று, களைப்பு: சிறிய எடையையே இனி முடியாது என்ற நிலைக்கு அருகில் கொண்டுபோனால், களைத்த மெது இழைகளுக்குத் துணையாக மற்றவை வந்துதான் ஆக வேண்டும். வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் மூங்கில் தடி ஊன்றி மெதுவாகவே ஏறியவருக்கும் கடைசியில் வேக இழைவரை களைப்பது இந்த மூன்றாவது வழியில்தான். மெது இழைகளில் கிளைகோஜன் தீரத் தீர 2ஏ-யும் வேலைக்கு இழுக்கப்படுகிறது.

வழக்கமான நடையில் இந்த மூன்றும் இல்லை.

எரிபொருளும் இடைவேளையும்

நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு தொகுதிதான் செட். செட்டுகளுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு எடுப்பது என்பதில்தான் ஜிம்மில் அதிகம் சொதப்புகிறார்கள். தசை சுருங்க நேரடி எரிபொருள் ஏடிபி. இழையில் தயாராக இருக்கும் ஏடிபி முழு முயற்சியில் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். கிரியேட்டின் பாஸ்பேட் அதை ஏறத்தாழ 10 விநாடி வரை தாங்கிக் கொடுக்கும். அதற்குமேல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குக் கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைப்பது முன்னுக்கு வருகிறது. காலில் எரிச்சலும் கனமும் தெரிவது இந்தக் கட்டத்தில். அதையும் தாண்டினால் ஆக்சிஜன் வழிதான்.

தீர்ந்த கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி, அரை நிமிடத்திலேயே திரும்பிவிடும். மிச்சம் முழுதாக நிரம்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும். எனவே வலுவுக்கும் வேகத்துக்கும் செய்யும் செட்டுகளுக்கு நடுவே 3 நிமிடம் உட்காருவது சோம்பேறித்தனம் அல்ல. 40 விநாடியில் அடுத்த செட்டுக்குப் போகிறவருக்கு மூச்சு வாங்கும், வியர்வை கொட்டும், நல்ல பயிற்சி செய்ததுபோல் இருக்கும். ஆனால் 2எக்ஸ் இழைகளால் இரண்டாவது செட்டில் பாதி வேலைகூடச் செய்ய முடியாது. அப்போது அது தாங்குதிறன் பயிற்சியாக மாறிவிடுகிறது. அதுவே நோக்கம் என்றால் சரி.

கபடி ஆடும் பையன்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ரெய்டு 30 விநாடி, அதற்குள் முழு வீச்சில் பாய்வது சில விநாடிதான். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓடவிட்டால் மூச்சு தாங்கும், பாய்ச்சல் வராது. 5 விநாடிப் பாய்ச்சல், ஒரு நிமிட நடை என்று எட்டு முறை செய்து, பிறகு தேவையானால் ஓடலாம்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

"எனக்கு எந்த இழை அதிகம்?" என்று தெரிந்துகொள்ள ஆசை எல்லாருக்கும் இருக்கும். தொடையில் ஊசி செலுத்தித் துளித் தசையை எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. அதிலும் ஒரே தசையில் இடத்துக்கு இடம் விகிதம் மாறும். ஒருமுறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் 80 சதவீதத்தை எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்று எண்ணி இழை வகையைச் சொல்லும் ஜிம் சோதனையை நம்ப வேண்டாம். அந்த எண்ணிக்கை, நீங்கள் இதுவரை எப்படிப் பயிற்சி செய்தீர்கள் என்பதைத்தான் அதிகம் காட்டும். ஓட்டவீரர் ஆகப் போவதில்லை என்றால் இந்த விகிதத்தை வைத்து நீங்கள் செய்யப் போவதும் ஒன்றுமில்லை.

பயன்படும் அளவுகள் வேறு. 45 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள், இயன்ற வேகத்தில். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடை வலு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வயதானவர்களின் தசை இழப்பைக் கண்டறிய ஐரோப்பிய மருத்துவர்கள் வைத்திருக்கும் வரம்பும் இதுதான். அடுத்து, சுவரில் ஒரு விரல் மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை எத்தனை முறை முழு உயரத்துக்கு ஏற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். மூன்றாவதாக, வீட்டு மாடிப்படியை ஒரு தளம் ஏற எத்தனை விநாடி. மூன்றையும் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மெது இழைக்கு

இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள் ஏற்கெனவே செய்வதுதான். வாரம் 150 நிமிடம், முழு வாக்கியம் பேச முடிகிற, ஆனால் பாட்டுப் பாட முடியாத வேகம். நடை, சைக்கிள், நீச்சல் எதுவானாலும் சரி. பேச்சு அறுந்தால் வேகம் அதிகம்; பக்கத்தில் வருபவரோடு ஊர் நியாயம் முழுதும் பேசி முடிக்க முடிகிறதென்றால் வேகம் போதாது.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். விசைத்தறிக்கூடத்திலும் கடையிலும் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்பவருக்குச் சாயங்காலம் கால் கடுப்பது, சோலியஸ் உழைக்காததால் அல்ல, ஒரே நிலையில் உழைப்பதால். தசை சுருங்கி விரிந்தால்தான் காலில் தேங்கும் ரத்தம் மேலே தள்ளப்படும். அரை மணிக்கு ஒருமுறை 20 தடவை குதிகாலை ஏற்றி இறக்குங்கள். முழங்கால் நேராக இருந்தால் மேலடுக்குத் தசைக்கும், மடக்கி உட்கார்ந்து செய்தால் சோலியஸுக்கும் வேலை கூடும்.

2ஏ-க்கு

படி அல்லது ஏற்றம் வேண்டும். கோயில் படியில் பக்தர்களுக்கு நடுவே நேரம் வைத்து ஏறுவது சரிப்படாது. குடியிருப்பின் மாடிப்படி, மேம்பாலத்தின் நடைபாதை, தோட்டத்துக்குப் போகும் மேட்டுத் தடம் போதும். 8 நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கியபின் 45 விநாடி வேகமாக ஏறுங்கள். மூன்று நான்கு சொல்லுக்குமேல் பேச முடியாத வேகம். இரண்டு நிமிடம் மெதுவாக இறங்கி நடங்கள். முதல் இரண்டு வாரம் 4 சுற்று, பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டி 8 வரை. முதல் சுற்றில் எட்டிய படியைக் கடைசிச் சுற்றிலும் ஏறத்தாழ எட்ட வேண்டும். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நான்காவதில் நடக்கிறவர், தொடக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வள்ளிகும்மி பழகும் பெண்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. குனிந்து நிமிர்ந்து, காலடி மாற்றி, தாளம் கூடக் கூட வேகமெடுத்து மணிக்கணக்கில் ஆடுவது மெது இழைக்கும் 2ஏ-க்கும் அருமையான வேலை. ஆனால் பாரம் இல்லை, எனவே கீழே வரும் எடைப் பயிற்சி அவர்களுக்கும் தேவை.

எடை வைத்துச் செய்வதானால் 8 முதல் 12 ரெப் (ஒரு முறை செய்து முடிப்பது ஒரு ரெப்), இன்னும் ஒன்றிரண்டு முடியும் என்ற இடத்தில் நிறுத்தம், ஒன்றரை முதல் இரண்டு நிமிட ஓய்வு, 3 செட். ஜிம் தேவையில்லை. 20 லிட்டர் தண்ணி கேன் நிரம்பினால் 20 கிலோ. பாதித் தண்ணீர் வைத்தால் 10 கிலோ வரும், ஆனால் உள்ளே அலம்பி உங்களை இழுக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தொந்தரவு. 2022-இல் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு வரி வந்தபின் கடைகளில் 26 கிலோ சிப்பம் பழக்கமாகிவிட்டது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்கி எடுக்க அதைவிட வசதியான பொருள் வீட்டில் இருக்காது. குதிகால் தரையைவிட்டு எழாமல், முழங்கால் பாதத்தின் திசையிலேயே போகும்படி, தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கி எழுங்கள். இறங்க 3 விநாடி, எழ 1 விநாடி. 26 கிலோ லேசாகத் தோன்றினால் எடையைத் தேடி அலைய வேண்டாம், ஒற்றைக் காலுக்கு மாறுங்கள்: முழங்கால் உயரத் திண்ணையில் ஒரு காலை வைத்து, தரையில் இருக்கும் காலால் உந்தாமல் ஏறி இறங்குவது. உந்தாமல் என்பதுதான் இதில் உயிர்.

2எக்ஸுக்கு

இதில் அளவு கொஞ்சம், தரம் முக்கியம். இளைஞர்களும், ஆறேழு வாரமாவது மேலே சொன்ன எடைப் பயிற்சி செய்தவர்களும் மட்டும்.

ஏற்றத்தில் 6 முதல் 8 விநாடி முழு வேக ஓட்டம், 3 நிமிடம் நடை. 4 முறை தொடங்கி 6 வரை. சமதரையைவிட ஏற்றம் பாதுகாப்பு. காலடி குறுகுவதால் தொடையின் பின்தசை அதிகம் இழுபடாது. சமதரையில் முழு வேகத்தில் பாயும்போது அறுவது பெரும்பாலும் அந்தத் தசைதான். ஓட்டம் ஒத்துவராதவர்கள் ஒரு படி உயரத்துக்கு இரண்டு காலாலும் தாவி ஏறி, நடந்து இறங்கலாம்: 5 தாவல், 3 நிமிட ஓய்வு, 3 செட். ஜிம்மில் செய்பவருக்கு 3 முதல் 5 ரெப்தான் முடிகிற எடை, 3 அல்லது 4 செட்.

நிறுத்தும் இடம் ஒன்றுதான்: வேகம் குறைந்த மறுகணம். ஓடும் தூரம் குறைந்தாலோ, தாவும்போது கால் தரையில் "தொப்" என்று விழத் தொடங்கினாலோ அன்றைக்குப் போதும். மூச்சு வாங்கி நாக்கு தள்ளினால்தான் பயிற்சி என்ற நம்பிக்கையை இங்கே மூட்டை கட்டி வையுங்கள்.

வேகமாகத் தூக்குவது என்றால் எடையை உதறுவது என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. இறங்குவது நிதானம், எழுவது மட்டும் முழு வேகம். கனமான எடை எவ்வளவு தள்ளினாலும் மெதுவாகத்தான் நகரும். வேகமாகத் தள்ள வேண்டும் என்ற முயற்சியே பெரிய அலகுகளை எழுப்பும்.

இன்னொரு குழப்பம், "மெது இழையை வேக இழையாக மாற்றித் தருகிறோம்" என்ற விளம்பரங்கள். மனிதரில் டைப் 1-க்கும் டைப் 2-க்கும் இடையிலான மாற்றம் மிகக் குறைவு. எளிதாக நடப்பது 2எக்ஸ், 2ஏ ஆவது. நீண்ட ஓட்டமானாலும் கனமான எடையானாலும் பயிற்சி அந்தத் திசையில்தான் தள்ளும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத எடைப் பயிற்சியில் 2எக்ஸ் குறைந்தது. பிறகு மூன்று மாதம் சும்மா இருந்தபோது ஆரம்பத்தில் இருந்ததைவிட அதிகமாக ஏறியது. ஆம், நாற்காலியே கதியென்று இருப்பவரின் தசையில்தான் 2எக்ஸின் பங்கு கூடுதல். அதற்காக அவர் வலுவானவர் ஆகிவிடவில்லை. பயிற்சியில் இழை தடிப்பதும், நரம்பு அதை முழுதாகக் கூப்பிடப் பழகுவதும்தான் ஆதாயம்.

அறுபதுக்கு மேல்

வயதாக ஆக முதலில் மெலிவது டைப் 2. அவற்றை ஆளும் பெரிய நரம்பணுக்கள் சில செத்துப்போகின்றன. அநாதையான இழைகளில் ஒரு பகுதியைப் பக்கத்து மெது அலகின் நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், மிச்சம் அழிந்துவிடும். இதனால்தான் அப்பிச்சி தோட்டத்தில் மணிக்கணக்காகக் களை எடுப்பார், ஆனால் வரப்பில் கால் இடறினால் சமாளிக்க முடியாமல் விழுந்துவிடுவார். இடறியவர் அடுத்த காலை முன்வைத்துத் தாங்க அரை விநாடிகூடக் கிடைப்பதில்லை. அந்த நேரத்துக்குள் விசை தர வேக இழை வேண்டும்.

நாற்காலிப் பயிற்சியே போதும். சுவரோடு ஒட்டிய நாற்காலி, முன்னால் பிடிக்க ஒரு மேசை. மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்கார்ந்து, ஒரே மூச்சில் "டக்"கென்று எழ வேண்டும். 6 முதல் 8 முறை, 2 நிமிட ஓய்வு, 3 செட், வாரம் இரண்டு நாள். எளிதானால் மடியில் 2 கிலோ அரிசிப் பை, பிறகு 5 கிலோ. எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். கட்டுக்குள் வராத பி.பி., இதய நோய், சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் கசிவு, முற்றிய எலும்புத் தேய்வு உள்ளவர்கள் எடையும் தாவலும் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். ஒரு மிட்டாய் சட்டைப் பையில் இருக்கட்டும்.

வாரத்தில் எப்படி அடுக்குவது

வேலைக்குப் போகும் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு: திங்களும் வியாழனும் எடை, தலா 35 நிமிடம். சனிக்கிழமை ஏற்ற ஓட்டமும் அதன்பின் படிச் சுற்றுகளும். செவ்வாய், புதன், வெள்ளி வழக்கமான நடை. ஞாயிறு கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டு ஓய்வு. எடை வைத்த நாளுக்கும் அதே தசைக்கான அடுத்த எடை நாளுக்கும் 48 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஒரே நாளில் பலவும் செய்வதானால் வேகம் முதலில், எடை அடுத்து, நீண்ட நடை கடைசியில். ஒரு மணி நேரம் நடந்து களைத்த காலோடு வேக ஓட்டம் ஓடினால் வேகமும் வராது, தசை பிடிக்கவும் செய்யும். மார்கழிக் குளிரில் விடிகாலையில் செய்பவர்கள் உடலைச் சூடாக்கும் நேரத்தை 8-லிருந்து 12 நிமிடமாகக் கூட்டுங்கள். குளிர்ந்த தசை மெதுவாகவே சுருங்கும். ஸ்வெட்டரை வியர்க்கத் தொடங்கியபின் கழற்றினால் போதும்.

சாப்பாட்டில் ஒன்றுதான் சொல்ல வேண்டும்: அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பு குறைவு. எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கொள்ளில் 22 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கு அல்ல.

எங்கே பிசகும்

மறுநாளைவிட இரண்டாம் நாள் அதிகம் வலித்தால் பயப்பட வேண்டாம். பழகாத வேலை செய்த தசை 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலிக்கும். மலையேறியதைவிட இறங்கியதுதான் இதற்குக் காரணம். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. ஏற்றத்தைவிடக் குறைவான இழைகளே வேலைக்கு வருவதால் ஒவ்வொன்றின்மேலும் விழும் இழுவை அதிகம். வலி தீரும்வரை லேசான நடை போதும். இரண்டு வாரத்தில் அதே வேலைக்கு அதே வலி வராது.

செட்டின் முடிவில் தொடை வெடவெடப்பது களைப்பு, ஆபத்தில்லை. ஓட்டத்தின் நடுவே தொடைக்குப் பின்னால் "சுருக்" என்று பிடித்து, தொட்டால் ஒரே இடத்தில் வலித்தால் அது கிழிசல். அன்றைக்கு நிறுத்துங்கள், அமுக்கித் தேய்க்காதீர்கள்.

மூட்டுவலி வேறு, தசைவலி வேறு. பஸ்கி எடுக்கும்போது முழங்கால் சிப்பிக்குக் கீழ் குத்தினால் இறங்கும் ஆழத்தைப் பாதியாக்கி, இறங்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அப்படியும் வீங்கினால் மருத்துவர். கொழுப்பு குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவருக்குப் பயிற்சியோடு ஒட்டாத தசைவலி இரண்டு பக்கமும் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

அவசரமானது ஒன்று உண்டு. பல மாதம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே இருநூறு பஸ்கி எடுத்தவருக்கு, அடுத்த ஓரிரு நாளில் தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. உடைந்த தசையின் மயோகுளோபின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எட்டு வாரம் கழித்துக் காலண்டர் ஓரத்தில் எழுதிய மூன்று அளவையும் மறுபடி எடுங்கள். நாற்காலி நேரம் குறையாமல் குதிகால் எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால், எடை போதவில்லை. நாற்காலி நேரம் குறைந்து மாடிப்படி நேரம் அப்படியே இருந்தால், படிச் சுற்றைக் கூட்டுங்கள். மூன்றும் நகரவில்லை என்றால் முதலில் தூக்கத்தையும் புரதத்தையும் பாருங்கள். நோம்பி, கல்யாணம் என்று இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் முதல் வாரம் பழைய எடையில் முக்கால் பங்கு, செட்டில் ஒன்று குறைவு; அதற்கடுத்த வாரம் விட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.